பக்கவாட்டு வெளிச்சம்

எங்கள் தொழிலில் ‘ஆட்-ஆன்’ என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்படத்தான் தோன்றும். “இருக்கிற மைக்ரோஸ்கோப்பில இதை மாட்டினா போதும் சார், புது மெஷின் வாங்கின மாதிரிதான்” என்று விற்க வருகிறவர் அடித்துச் சொல்வார். மாட்டிய பிறகு அதோடு மல்லுக்கட்டப் போகிறவர் அவர் இல்லையே. அப்படிச் சந்தேகப்பட்டே பழகிய நான்தான் இன்று லைட் ஷீட் மைக்ரோஸ்கோப்புக்கான சின்னச் சின்ன ஆட்-ஆன்களைக் கட்டுவதும், மாட்டுவதும், சாயங்காலம் கழற்றி வைப்பதுமாகப் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் முடித்துவிட்டு மதுரையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தவன். மருத்துவக் கல்லூரி, கலைக் கல்லூரி, ரத்தப் பரிசோதனைக் கூடம் என்று ஊர் ஊராகப் போய் மைக்ரோஸ்கோப் துடைப்பது வேலை. துடைப்பதுதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கமெல்லாம் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். விட்டுவைத்தால் கண்ணாடியின் மேல் உள்ள பூச்சையே அரித்துவிடும். லென்ஸ் பேப்பரைக் குச்சியில் சுற்றி, ஈதரும் ஆல்கஹாலும் கலந்ததில் லேசாக நனைத்து, நடுவில் ஆரம்பித்து வட்டம் வட்டமாக விளிம்புக்குக் கொண்டுபோக வேண்டும். விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தால் அழுக்கெல்லாம் நட்டநடுவில் சேர்ந்துவிடும். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்ட ஒரு சங்கதி இன்றுவரை கைகொடுக்கிறது. ‘மைக்ரோஸ்கோப் ரிப்பேர்’ என்று கூப்பிடுகிற இடங்களில் பெரும்பாலும் மைக்ரோஸ்கோப் நன்றாகத்தான் இருக்கும். ஸ்லைடு தலைகீழாகக் கிடக்கும். கவர் கிளாஸ் இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். கோளாறு இருப்பது லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில மில்லிமீட்டரில்தான்.

பிறகு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பொது மைக்ரோஸ்கோப் கூடத்தில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனியாக மெஷின் வாங்கி முடங்கிப்போகாமல், நிறுவனமே வாங்கி வைத்து எல்லோருக்கும் மணிக்கணக்கில் முன்பதிவு கொடுக்கும் இடம் அது. காலையில் ஈஸ்ட் கொண்டுவருவார்கள், அப்புறம் எலி மூளை, மதியம் ஜீப்ரா மீன் குஞ்சு, ராத்திரி முழுக்கப் பழ ஈயின் கரு. ஒரே ஸ்டேஜில் இத்தனையும் ஏறி இறங்க வேண்டும். லைட் ஷீட் எங்களுக்குள் வந்து சேர்ந்தது மீன்காரர்களும் ஈக்காரர்களும் கொடுத்த நச்சரிப்பால்.

அவர்கள் நச்சரித்ததிலும் நியாயம் இருந்தது. சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப்பில் ஒரே ஆப்ஜெக்டிவ் லென்ஸ் வழியாக நீல ஒளி உள்ளே போகும், அதே வழியாகப் பச்சை ஒளிர்வு திரும்பி வரும். நாம் பார்க்க விரும்பும் தளம் மட்டுமல்லாமல் அதற்கு மேலும் கீழும் இருப்பதெல்லாம் சேர்ந்து ஒளிர்ந்து படத்தை மங்கடிக்கும். கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் அந்த மங்கலை ஓர் ஊசித்துளையை வைத்து வடிகட்டிவிடுகிறது. ஆனால் வடிகட்டுவது திரும்பி வரும் ஒளியைத்தான். உள்ளே போன லேசர் போனதுதான். ஒரு கருவை 100 தளங்களாகப் படம் எடுத்தால் அதிலுள்ள ஒவ்வொரு செல்லும் 100 தடவை வெளிச்சத்தில் வேகிறது. சாயம் வெளுக்கும், கரு வளர்வதை நிறுத்தும். லைட் ஷீட்டில் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து, தாள் மாதிரி மெல்லிய தட்டையாக நுழைகிறது. அந்தத் தளம் மட்டும் ஒளிரும், அதற்குச் செங்குத்தாக நிற்கும் ஆப்ஜெக்டிவ் அதைப் பார்க்கும். ஓட்டு வீட்டில் இடுக்கு வழியாக வெயில் இறங்கும்போது தூசி மினுங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோமே, அவ்வளவுதான் விஷயம். 100 தளம் எடுத்தாலும் ஒரு செல்லுக்கு ஏறக்குறைய ஒரே ஒரு தடவைதான் வெயில் படுகிறது.

யோசனை புதிதில்லை. ஜெர்மனியின் யேனா நகரத்தில் ஹென்றி சீடன்டாஃபும் ரிச்சர்ட் ஸிக்மான்டியும் 1903-ல் வெளியிட்ட அல்ட்ரா மைக்ரோஸ்கோப் இதே செங்குத்து அமைப்புதான். வெயிலை ஒரு பிளவு வழியாகச் செலுத்தி, சிவப்புக் கண்ணாடிக்குள் கிடக்கும் தங்கத் துகள்களைப் பார்த்தார்கள். 1925-ம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் ஸிக்மான்டிக்குக் கிடைத்தது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ராமனைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. 1928-ல் கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் திரவத்துக்குள் வெயிலைக் குவித்துவிட்டுப் பார்த்ததும் பக்கத்தில் இருந்துதான். அவர்கள் தேடியது வேறு, நிற்கும் இடம் ஒன்று.

உயிரியலுக்கு இது வந்து சேர நாளானது. 1993-ல் அமெரிக்காவில் வோய் என்பவரும் கூட்டாளிகளும் கினிப் பன்றியின் உள்காதை இப்படி லேசர் தாளால் வெட்டிப் பார்த்தார்கள். அதிகம் பேர் கவனிக்கவில்லை. 2004-ல் ஹைடல்பெர்க்கில் யான் ஹுய்ஸ்கன், எர்ன்ஸ்ட் ஸ்டெல்ஸர் குழு உயிருள்ள மீன் கருவையும் ஈயின் கருவையும் காட்டிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பத்து வருடம் கழித்து, 2014-ன் சிறந்த ஆய்வுமுறை என்று ‘நேச்சர் மெத்தட்ஸ்’ இதழ் லைட் ஷீட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த அறிவிப்புக்குப் பிறகு விற்பனைக்காரர்களின் போன் நிற்கவே இல்லை.

முழு லைட் ஷீட் மெஷின் கோடிகளில் விலை. தனி அறை, அதிராத மேசை, தனிக் கம்ப்யூட்டர். எங்களைப் போன்ற கூடத்தில் ஏற்கெனவே நல்ல இன்வர்ட்டட் மைக்ரோஸ்கோப், அதாவது சாம்பிளைக் கீழிருந்து பார்ப்பது, நிற்கிறது, கேமரா இருக்கிறது, லேசர் இருக்கிறது. இல்லாதது அந்தப் பக்கவாட்டு வெளிச்சம் மட்டும். அதை மட்டும் உள்ளங்கை அளவில் செய்து ஒட்டிக்கொள்ள முடியாதா என்று யாருக்கும் தோன்றும். உலகம் முழுக்கப் பலருக்குத் தோன்றியிருக்கிறது. வழிகள்தான் ஆளுக்கொன்று.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹரி ஷ்ராஃப் குழு 2011-ல் காட்டிய வழி. இன்வர்ட்டட் மைக்ரோஸ்கோப்பின் மேல்பக்கம், கண்டென்சர் நிற்கும் தூணைக் கழற்றிவிட்டு, அங்கிருந்து இரண்டு ஆப்ஜெக்டிவை 45 டிகிரி சாய்வில் இறக்கினார்கள். ஒன்று ஒளித்தாளைப் போடும், மற்றது பார்க்கும். புழுவின் கரு வழக்கம்போலக் கவர் கிளாஸ் மேலேயே படுத்திருக்கும். கீழே உள்ள பழைய ஆப்ஜெக்டிவ் சாம்பிளைத் தேடிப் பிடிக்க மட்டும். சாம்பிள் வைக்கும் பழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை என்பதுதான் அதில் உள்ள பெரிய புத்தி. இன்னொரு கூட்டம் ஆப்ஜெக்டிவ் பக்கத்திலேயே ஒரு குட்டிக் கண்ணாடியை நிறுத்தி, மேலிருந்து வரும் ஒளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து பக்கவாட்டில் அனுப்பியது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மெக்கனோபயாலஜி நிலையமும் ஃபிரான்ஸின் போர்தோ குழுவும் 2015-ல் அதை இன்னும் சின்னதாக்கின. சாம்பிள் உட்காரும் குழியின் சுவரையே 45 டிகிரிக் கண்ணாடியாக வார்த்துவிட்டார்கள். ஒரே ஆப்ஜெக்டிவ் ஒளியை அனுப்புகிறது, சுவரில் பட்டு அது படுக்கைத் தாளாகிறது, அதே ஆப்ஜெக்டிவ் படத்தையும் வாங்குகிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிறிஸ் டன்ஸ்பி 2008-லேயே கண்ணாடிச் சுவர்கூட வேண்டாம், ஆப்ஜெக்டிவின் ஓரத்தில் இருந்து சாய்வாகத் தாளை விட்டு, படத்தைப் பின்னால் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று செய்து காட்டியிருந்தார். நிமிர்த்துவதற்கு இன்னும் இரண்டு ஆப்ஜெக்டிவ் பின்னால் வேண்டும். அதைக் ‘காம்பாக்ட்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இத்தனை வழிகள் ஏன் என்றால், இடம் இல்லை. இதைக் கொஞ்சம் கணக்கோடு சொல்ல வேண்டும். ஆப்ஜெக்டிவில் என்.ஏ. என்று ஓர் எண் பொறித்திருக்கும். எவ்வளவு அகலமான கூம்பில் ஒளியை வாங்குகிறது என்பதன் அளவு. தண்ணீரில் முக்கிப் பார்க்கும் 1.0 என்.ஏ. ஆப்ஜெக்டிவ் தன் அச்சுக்கு இரு பக்கமும் ஏறக்குறைய 49 டிகிரி வரை வாங்கும். இப்படி இரண்டைச் செங்கோணத்தில் வைக்கப் பார்த்தால் 49-ம் 49-ம் 98. செங்கோணத்தில் 90 டிகிரிதான் இருக்கிறது. ஒளிக்கூம்புகளே ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும், உலோகக் கூட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். 0.8 என்.ஏ. என்றால் 37 டிகிரி. இரண்டும் சேர்ந்து 74, மிச்சம் 16 டிகிரி. ஷ்ராஃப் குழு 0.8 ஆப்ஜெக்டிவ் வைத்ததன் ரகசியம் அந்த 16 டிகிரிதான். அதன் முனைக்கும் சாம்பிளுக்கும் நடுவே கிடைக்கும் இடம் 3.5 மில்லிமீட்டர்.

அடுத்த கணக்கு தாளின் தடிமன். கேட்லாக்கில் ‘மிக மெல்லிய ஒளித்தாள்’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். எவ்வளவு தூரத்துக்கு மெல்லியது என்று போட மாட்டார்கள். ஒளிக்கற்றையைக் குவித்தால் நடுவில் சிறுத்து இரு பக்கமும் விரியும். அதை நாங்கள் பீமின் இடுப்பு என்போம். 488 நானோமீட்டர் நீல லேசரைத் தண்ணீருக்குள் இடுப்பில் 4 மைக்ரானாகக் குவித்தால், அந்த மெலிவு 70 மைக்ரான் தூரத்துக்குத்தான் தாங்கும். 8 மைக்ரானாக விட்டுக்கொடுத்தால் 270 மைக்ரான் கிடைக்கும். தடிமன் இரண்டு மடங்கு, தூரம் நான்கு மடங்கு. பழ ஈயின் கரு அரை மில்லிமீட்டர் நீளம், அதில் பாதிக்கும் குறைவான அகலம். அகலவாட்டில் ஒளியைப் போட்டால் 8 மைக்ரான் தாளே போதும், நீளவாட்டில் போட்டால் போதாது. ஆக, சாம்பிளை எப்படிப் படுக்கவைப்பது என்பதை முடிவு செய்யாமல் எந்த லென்ஸ் என்று முடிவு செய்ய முடியாது. இதைப் புரியவைக்கத்தான் பேராசிரியர்களிடம் அதிகம் மன்றாடியிருக்கிறேன்.

எங்கள் கூடத்தில் நாங்களே கட்டிய ஆட்-ஆன், பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. லேசர் பெட்டியில் இருந்து ஃபைபர் ஒன்று வரும். அதன் முனையில் ஒளியைச் சீராக்கும் லென்ஸ், அடுத்து ஒரு சிலிண்டர் லென்ஸ், திருப்பிவிடும் கண்ணாடி, கடைசியில் ஒரு சின்ன ஆப்ஜெக்டிவ். எல்லாம் ஓர் அலுமினியத் தகட்டின் மேல். தகடு ஸ்டேஜ் மேல் உட்கார வேண்டும். கட்டும் விதத்தையெல்லாம் யாரும் ஒளித்துவைக்கவில்லை. 2013-ல் டிரெஸ்டன் குழு ஓப்பன்-ஸ்பிம் என்ற பெயரில் திருகாணிவரை பட்டியல் போட்டு வெளியிட்டது. அல்ட்ரா மைக்ரோஸ்கோப் பிறந்த அதே யேனாவில் இருந்து 2020-ல், 3டி பிரிண்டரில் அச்சிட்ட கனசதுரங்களை அடுக்கி லைட் ஷீட் செய்யும் யூசி2 வந்தது. மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல சாதனம் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஓட வேண்டிய வேலையில், கண்ணாடியைத் தாங்கும் பாகத்தை மட்டும் பிளாஸ்டிக்கில் விடாதீர்கள் என்பது என் கட்சி. திருகை இறுக்கிய இடத்தில் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தளரும். சாயங்காலம் சரியாக இருந்த தாள் விடிகாலையில் போன இடம் தெரியாது.

இன்வர்ட்டட் மைக்ரோஸ்கோப்பில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆராய்ச்சிக்கான மாடல்களில் பெரும்பாலும் ஃபோகஸ் குமிழைத் திருகினால் ஆப்ஜெக்டிவ்தான் ஏறி இறங்கும், ஸ்டேஜ் அப்படியே நிற்கும். ஒளித்தாளோ ஸ்டேஜோடு ஒட்டி ஓர் உயரத்தில் நிற்கிறது. ஆப்ஜெக்டிவை நகர்த்தினால் தாள் ஃபோகஸை விட்டுப் போய்விடும். ஆகவே தாளையும் ஆப்ஜெக்டிவையும் ஒன்றுக்கொன்று பூட்டிவிட்டு, சாம்பிளை மட்டும் தனியாக ஒரு குட்டி மோட்டார் மேசையில் ஏற்றி இறக்க வேண்டும். ‘எந்த மைக்ரோஸ்கோப்பிலும் பொருந்தும்’ என்கிற விளம்பரங்கள் இந்தக் குட்டி மேசையைப் பற்றி வாயே திறக்காது.

தகட்டைச் செய்ய பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மில்லிங் பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் தர்மபுரிக்காரர். வரைபடத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டு ஓட்டை போட்டு போல்ட் முறுக்கிட்டா தீர்ந்துது சார். இதுக்கு எதுக்கு மூணு குண்டு, மூணு பள்ளம்?”

“தினம் கழற்றி மாட்டணும் மாஸ்டர். போல்ட் அதே இடத்துல உட்காராது.”

“எவ்வளவு தள்ளிப்போயிடும்?”

“ஒரு முடி தடிமன்.”

“ஒரு முடிக்கா இவ்வளவு கூத்து?”

“எங்க வெளிச்சம் அந்த முடியில இருபதுல ஒரு பங்கு.”

அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். மூன்று குண்டு, மூன்று பள்ளம் என்பது 19-ம் நூற்றாண்டில் மேக்ஸ்வெல் சொன்ன ஏற்பாடு. தகட்டின் அடியில் மூன்று எஃகுக் குண்டுகள், ஸ்டேஜில் நடுவை நோக்கி மூன்று வி வடிவப் பள்ளங்கள். ஒவ்வொரு குண்டும் பள்ளத்தின் இரு சுவரில் மட்டும் தொடும், மொத்தம் ஆறு தொடுமிடம். ஒரு பொருள் நகரக்கூடிய திசைகளும் திரும்பக்கூடிய திசைகளும் சேர்ந்து ஆறுதான். ஆறும் அடைபட்டால் அது உட்காருவதற்கு ஒரே ஓர் இடம்தான் இருக்கும். காந்தம் ஒன்று கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டு மறுபடி வைத்தால் ஏறக்குறைய ஒரு மைக்ரானுக்குள் அதே இடத்தில் வந்து உட்காரும்.

மாஸ்டர் சொன்னார், “அலுமினியத்துல பள்ளம் வெட்டினா குண்டு அழுத்தி அழுத்திக் குழி விழுந்துடும் சார். கெட்டி எஃகுல டோவல் பின் வருதுல்ல, ரெண்டு ரெண்டா பக்கத்துல படுக்கவெச்சு ஒட்டிடுவோம். அதுதான் பள்ளம்.” நூல்களில் இருக்கும் யோசனைதான் அது என்று எனக்குத் தெரியும். அவர் எந்த நூலும் படித்துச் சொல்லவில்லை. குண்டு பேரிங் கடையில் கிடைத்தது. எங்கள் ஆட்-ஆனில் விலை குறைந்த பாகமும், அதிகம் உழைக்கிற பாகமும் அதுதான்.

தகடு வந்ததும் கறுப்பு அனோடைசிங் போடச் சொல்லி அனுப்பினேன். பளபளக்கும் அலுமினியம் லேசருக்கு ஆகாது. பாதுகாப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாங்கிய மைக்ரோஸ்கோப்பில் லேசர் உடம்புக்குள்ளேயே அடைபட்டிருக்கும். ஆட்-ஆனில் அது ஃபைபர் முனையை விட்டு வெளியே, நம் கண் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது. கறுப்புப் பெட்டி போட்டு மூடுங்கள், பெட்டியைத் திறந்தால் லேசர் தானாக அணையும் ஸ்விட்ச் வையுங்கள். இதற்குச் செலவு செய்ய மாட்டேன் என்று சொல்லும் ஆய்வகத்தில் லைட் ஷீட் வேண்டாம்.

அலைன்மென்ட் செய்ய எனக்குப் பிடித்த பொருள் ஃப்ளோரசீன். கியூவெட் என்ற சின்னக் கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அந்தச் சாயத்தில் ஒரு சொட்டுக் கலந்தால், பீம் போகும் பாதை முழுக்கப் பச்சையாகத் தெரியும். அப்போது சிலிண்டர் லென்ஸை 90 டிகிரி திருப்பிவிடுவேன். வழக்கமாகத் தாளைக் கீழிருந்து பார்க்கும் கேமரா, இப்போது அதன் விளிம்பைப் பார்க்கும். இடது பக்கம் தடித்து, நடுவில் சிறுத்து, மறுபடி விரியும். அந்த இடுப்பைக் கேமராவின் நட்டநடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பீம் லேசாகச் சாய்ந்திருந்தால் திரையில் கோணலாக ஓடும். கண்ணாடியின் பின்னால் இருக்கும் இரண்டு குமிழை மாற்றி மாற்றித் திருக வேண்டும், ஒன்றைத் திருத்தினால் மற்றது கெடும், மறுபடி திருத்த வேண்டும். நேரானதும் லென்ஸை மீண்டும் 90 டிகிரி திருப்பி, கால் மைக்ரான் அளவு ஒளிரும் மணிகளை அகரோஸ் கூழில் கலந்து வைத்துப் பார்ப்போம். மணிகள் படம் முழுக்க ஒரே கூர்மையில் தெரிந்தால் வேலை முடிந்தது. ஓரத்தில் மட்டும் மங்கினால் தாள் சாய்ந்திருக்கிறது.

ஃபில்டர் பெட்டியிலும் கைவைக்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் உள்ளே இருக்கும் டைக்ரோயிக் கண்ணாடிக்கு வேலை இல்லை, வெளிவரும் ஒளிக்கான ஃபில்டர் மட்டும் போதும். அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் படம் கொஞ்சம் பிரகாசமாகவும் இருக்கும். ஆனால் அடுத்த மணியில் வரும் ஈஸ்ட்காரர் சாதாரண முறையில் பார்க்க உட்கார்ந்து, ஒன்றுமே தெரியவில்லை என்று எனக்குப் போன் போடுவார். பொதுக் கூடத்தில் ஆட்-ஆன் வைப்பதன் அன்றாடச் சங்கடம் இது. இப்போது லைட் ஷீட்டுக்கென்று தனி ஃபில்டர் பெட்டி ஒன்றை ஒதுக்கி, அதன் மேல் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறேன்.

ஒளியியல் இத்துடன் சரி. இனி வருவதுதான் உண்மையான வேலை. ஜீப்ரா மீன் வட இந்திய, வங்கதேச ஓடைகளின் மீன்தான். அமெரிக்காவின் ஓரிகன்வரை போய் ஆய்வக மீனாகி நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது. அதன் குஞ்சு இரண்டு மூன்று நாளில் நாலு மில்லிமீட்டருக்கு உட்பட்ட கண்ணாடித் துண்டு. இதயம் நிமிடத்துக்கு 120 முதல் 180 தடவை துடிப்பதை வெறும் மைக்ரோஸ்கோப்பிலேயே பார்க்கலாம். குஞ்சுக்கு ட்ரைகெய்ன் மயக்க மருந்து கொடுத்து, இளஞ்சூட்டில் உருகி நிற்கும் ஒன்று, ஒன்றரை சதவீத அகரோஸில் போட்டு, நுண்குழாயில் உறிஞ்சி, உறைவதற்குள் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். அகரோஸ் அதிகச் சூடாக இருந்தால் மீன் செத்துவிடும், ஆறிவிட்டால் மீனைத் திருப்ப முடியாது. இடையில் கிடைக்கும் நேரம் சொற்பம்.

திருநெல்வேலிக்காரப் பெண் ஒருத்தி ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். மீன் படுக்கவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஒருநாள் திரையைக் காட்டி, “அண்ணா, உங்க லேசர்ல கோடு கோடா விழுது. லென்ஸ் அழுக்கா இருக்கும்போல” என்றாள்.

“கண்ணு எந்தப் பக்கம் இருக்கு?”

“லேசர் பக்கம்.”

“அப்ப அது அழுக்கு இல்லம்மா, நிழல்.”

மீன் குஞ்சின் கண்ணில் கறுப்பு நிறமி நிறைந்திருக்கும். பக்கவாட்டில் வரும் ஒளியை அது தடுத்து, பின்னால் இருக்கும் மூளையின் மேல் வரிவரியாக நிழல் போடும். அகரோஸில் கிடக்கும் ஒரு தூசியும் இதையே செய்யும், ஒரு காற்றுக் குமிழியும் செய்யும். பெரிய மெஷின்களில் இதற்கு வைத்தியம் இருக்கிறது. ஹுய்ஸ்கனே 2007-ல் தாளை வேகமாக இடவலமாக ஆட்டி நிழலைக் கலைத்தும், இரண்டு பக்கமும் ஒளி போட்டும் காட்டினார். உள்ளங்கைத் தகட்டில் ஆட்டும் கண்ணாடிக்கு இடமும் இல்லை, மறுபக்கத்தில் இருந்து ஒளி போட வழியும் இல்லை. ஆகவே சின்ன ஆட்-ஆனில் நிழலுக்கு வைத்தியம் சாம்பிள் மேசையில்தான். முதல் நாளிலேயே பி.டி.யு. மருந்து போட்டு நிறமியைத் தடுப்பது, அகரோஸை வடிகட்டுவது, மீனைத் திருப்பிப் படுக்கவைப்பது. அந்தப் பெண் மறுநாள் முதுகு லேசர் பக்கம் இருக்கும்படி வைத்தாள். கோடுகள் போய்விட்டன. நான் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை.

பாத்திரமும் அப்படித்தான். பெட்ரி டிஷ்ஷின் வளைந்த பக்கச் சுவர் தாளைக் குலைத்துவிடும், தண்ணீரின் மேல்மட்டம் ஓரத்தில் வளைந்து நிற்பதும் குலைக்கும். ஒளி நுழையும் சுவர் தட்டையான கண்ணாடியாக இருக்க வேண்டும், பார்க்கும் அடிப்பக்கம் கவர் கிளாஸ் தடிமனில் இருக்க வேண்டும். குழாயில் வைப்பதானால் கண்ணாடிக் குழாயைவிட எஃப்.இ.பி. பிளாஸ்டிக் குழாய் மேல், அதன் ஒளிவிலகல் எண் 1.34, தண்ணீருடையது 1.33. தண்ணீருக்குள் போட்டால் இருப்பதே தெரியாது. பல லட்சம் கொடுத்து ஒளித்தாள் வாங்கிவிட்டு, சில நூறு ரூபாய்ப் பாத்திரத்தில் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தகவல் மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய கேமராவில் 2048-க்கு 2048 புள்ளிகள். 16 பிட்டில் ஒரு படம் 8.4 எம்.பி. நொடிக்கு 100 படம் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் மூன்று டெராபைட். ஆட்-ஆன் உள்ளங்கை அளவுதான், அது பெற்றுப் போடும் படங்களுக்கு அலமாரி நிறைய ஹார்ட் டிஸ்க் வேண்டும். இந்தச் செலவைத் திட்ட அறிக்கையில் எழுதியவர்கள் குறைவு.

இத்தனையும் சொன்ன பிறகு, ஆட்-ஆன் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் என் பதில் இது. ஒரே வகைச் சாம்பிளை வருடக்கணக்கில் பார்க்கிற ஆய்வகத்துக்கு உள்ளங்கை ஆட்-ஆன் அருமையான பொருள். முழு மெஷின் அவர்களுக்கு வீண். எல்லா வகைச் சாம்பிளும் வரும் இடத்தில், அதை மாட்டவும் சரிபார்க்கவும் ஓர் ஆள் முழுநேரம் இருந்தால் மட்டும் வையுங்கள். ஆள் இல்லை என்றால் அது இரண்டே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும், போன ஆட்-ஆன்களை நான் துடைத்து வைத்திருக்கிறேன். பெரிய மெஷின் தானாகச் செய்துகொள்ளும் வேலைகளை ஆட்-ஆனில் மனிதர் செய்கிறார், விலை குறைவதற்குக் காரணம் அதுதான்.

வாங்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். டெமோவுக்கு வருகிறவர் அவருடைய மணிகளையும் அவருடைய மீனையும் காட்டுவார், அழகாகத்தான் இருக்கும். உங்கள் சாம்பிளை உங்கள் மாணவர் கையால் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ஆட்-ஆனை முழுவதும் கழற்றி, மறுபடி மாட்டி, அதே படத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருநாள் முழுக்க ஆனாலும் பரவாயில்லை, கூடவே உட்கார்ந்திருங்கள். இரண்டாவது படத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.